என் திக்கலைத் துடைக்காதீர்கள்

வாய் திக்குகிறவள் எதற்காக மைக்கைப் பிடித்துப் பேசுகிற பொழுதுபோக்கைத் தேடிப் போனாள் என்று கேட்காதவர்கள் குறைவு. என்னிடமே நேராகக் கேட்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் என் கணவரிடம் கேட்பார்கள். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். வாய் திக்கினால் காதும் கேட்காது என்று ஒரு கணக்கு ஊருக்கு இருக்கிறது.

பதில் எளிது. வேண்டாம் என்றார்கள், அதனால் போனேன்.

உத்தமபாளையத்தில் கம்பம் சாலையோரம் எங்களுக்கு ஒரு கடை உண்டு. பம்புசெட், பிவிசி குழாய், சொட்டுநீர்ச் சாமான், இப்போது சோலார் மோட்டாரும். ஒருமுறை கல்லூரி ஒன்றில் அறிவியல் கண்காட்சி நடந்தது. அங்கே ஹாம் ரேடியோக்காரர்கள் ஒரு மேசை போட்டிருந்தார்கள். ஆன்டெனாவை உயர்த்த இரும்புக் குழாய் வேண்டுமென்று எங்கள் கடைக்குச் சொல்லி அனுப்பினார்கள். கணவர் கம்பத்துக்குப் போயிருந்ததால் குழாயை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நான் போனேன்.

மேசைமேல் ஒரு பெட்டி இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவிலிருந்து யாரோ ஒருவர் எங்கிருந்தோ பேசினார். நடுவில் கம்பெனி இல்லை, கம்பி இல்லை, மாதக் கட்டணம் இல்லை. அரசாங்கத்திடம் தேர்வெழுதி உரிமம் வாங்கிய சாதாரண மனிதர்கள், ஆகாயத்தின் வழியாக நேரடியாகப் பேசிக்கொள்கிறார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு மைக்கைக் கொடுத்து ஒரு வணக்கம் சொல்லச் சொன்னார்கள். நானும் கையை நீட்டினேன்.

பின்னாலிருந்து எங்கள் வாடிக்கைக்காரர் ஒருவரின் குரல் வந்தது. "அவுகளுக்கு வாய் திக்கும் சார். வேற யாருக்காச்சும் குடுங்க. பாவம், கஷ்டப்படுவாக."

மைக் என் கையைத் தாண்டி ஒரு கல்லூரி மாணவியிடம் போனது. அவர் கெட்டவர் அல்ல. எங்களிடம்தான் திராட்சைத் தோட்டத்துக்கு முழுச் சொட்டுநீரும் வாங்கினார். அந்த 'பாவம்' என்ற சொல்லைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன், அந்த உரிமத்தை நானும் வாங்கப் போகிறேன் என்று. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "வாங்கு" என்றார். அவர் எதற்கும் அப்படித்தான்.

தேர்வு எழுத்துத் தேர்வு. வாயைத் திறக்கவே தேவையில்லை. படித்தேன், எழுதினேன், உரிமம் வந்தது. அதற்குப் பிறகுதான் வேடிக்கை.

திக்குகிறவர்கள் எல்லா எழுத்துக்கும் திக்குவதில்லை. எனக்குப் பகை 'வ'. ஒரு கடைக்காரிக்கு இதைவிடக் கேடு வேண்டாம். வருகிறவரைப் பார்த்து முதலில் சொல்ல வேண்டியதே "வாங்க" என்பதுதானே. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் யாரையும் "வாங்க" என்று சொன்னதில்லை. "உக்காருங்க" என்பேன். குழாய் வாங்க வந்தவர், நின்றபடியே விலை கேட்டுப் போக வந்தவர், எல்லோரையும் உட்காரச் சொல்வேன். மரியாதை தெரிந்தவள் என்று எனக்கு ஊரில் பெயர். விஷயம் இதுதான்.

மாற்றுச் சொல் தேடி அதன்மேல் தாவித் தாவிப் போவதுதான் எங்கள் பிழைப்பு. ஆனால் ஹாம் ரேடியோவில் ஒவ்வொருவருக்கும் அரசாங்கம் ஒரு அழைப்புக்குறி தருகிறது. அதற்கு மாற்றுச் சொல் கிடையாது. நம் நாட்டு அழைப்புக்குறிகள் 'வி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குகின்றன. ரேடியோவில் அதை 'விக்டர்' என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறை பேசும்போதும் முதல் சொல் அது. என் உரிமத்தைப் பிரித்துப் பார்த்தபோது சிரித்துவிட்டேன். உலகத்தில் எத்தனையோ எழுத்து இருக்க, எனக்கென்று இதை எடுத்து வைத்திருக்கிறார்களே என்று.

எங்கள் பள்ளத்தாக்கில் ஹாம்கள் ஒரு குழுவாக இருக்கிறோம். தேனி, போடி, பண்ணைப்புரம், பொட்டிப்புரம் என்று சிதறிக் கிடக்கிறோம். இரண்டு பக்கமும் மலை. கையடக்க ரேடியோவில் பேசினால் மலை மறித்துவிடும். அதனால் உயரத்தில் ஓரிடத்தில் ரிப்பீட்டர் வைத்திருந்தார்கள். நாம் பேசுவதை வாங்கி, பலத்தைக் கூட்டித் திருப்பி அனுப்பும் பெட்டி அது. ஞாயிற்றுக்கிழமை காலையில், நாங்கள் சர்ச் ஆராதனைக்குக் கிளம்பும் முன்பே, அதன் வழியாக எல்லோரும் கூடுவார்கள். நெட் என்போம். ஒவ்வொருவராக அழைப்புக்குறி சொல்லி வந்துவிட்டேன் என்று பதிய வேண்டும், இரண்டு வார்த்தை பேச வேண்டும்.

நெட்டை நடத்தியவர் போடிக்காரர். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்களுக்குள் அவர் எக்ஸ்சேஞ்சுக்காரர். கணீரென்ற குரல். அவர் பேசினால் ரேடியோவே தேவையில்லை, போடியிலிருந்து நேராகக் கேட்கும் என்று கேலி செய்வார்கள்.

முதல் ஞாயிறு என் முறை வந்தது. பொத்தானை அமுக்கினேன். 'வி' வரவில்லை. உதடு பல்லில் ஒட்டிக்கொண்டது. வ்வ்வ் என்று ஒரு வண்டு என் வாய்க்குள் சுற்றியது. அதைத் தாண்ட முடியாமல் நான் பொத்தானை விட்டதும் இன்னொருவர் உள்ளே வந்து, "ஏதோ ஒரு ஸ்டேஷன், சிக்னல் சரியில்ல, மைக்க பாருங்க" என்றார். அடுத்த வாரமும் அப்படித்தான். மூன்றாவது வாரம் எக்ஸ்சேஞ்சுக்காரர் நான் பொத்தானை விட்ட இடைவெளியில் என் அழைப்புக்குறியை அவரே சொன்னார். "உத்தமபாளையத்து அம்மா வந்திருக்காக. நான் பதிஞ்சுட்டேன். அடுத்த ஸ்டேஷன்."

அதற்கப்புறம் அது வழக்கமாகிவிட்டது. நான் பொத்தானை அமுக்கும் முன்பே என்னைப் பதிந்துவிடுவார். அன்போடுதான் செய்தார். நான் உரிமம் வாங்கியது அவர் வாயால் என் அழைப்புக்குறியைக் கேட்பதற்கு அல்ல. சில வாரம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு ரேடியோவை அணைத்துவிட்டு இட்லிக்கு ஆட்டப் போய்விட்டேன்.

அந்த நேரத்தில்தான் டிஜிட்டல் முறை என் கைக்கு வந்தது. எஃப்டி எட்டு என்று பெயர். ரேடியோவையும் மடிக்கணினியையும் ஒரு கேபிளில் இணைக்க வேண்டும். நாம் தட்டுகிற சின்னச் செய்தியைக் கணினி ஒரு கீச்சொலியாக மாற்றி ரேடியோவுக்குக் கொடுக்கும். கால் நிமிடம் நாம் அனுப்பினால், அடுத்த கால் நிமிடம் எதிராளி அனுப்புவார். அழைப்புக்குறி, இருக்கும் இடம், சிக்னல் எப்படிக் கேட்கிறது, நன்றி. அவ்வளவுதான் பேச்சு.

எனக்கு அதில் இன்னொரு வசதியும் இருந்தது. நாங்கள் விற்கிற சோலார் மோட்டாரின் கன்ட்ரோலர் பெட்டி இருக்கிறதே, அதுதான் ரேடியோவுக்கு எமன். காட்சிக்காக ஒன்றை மாடியில் ஓடவிட்டிருந்தோம். வெயில் ஏறினால் ரேடியோவில் ஈக்கூட்டம் மொய்க்கிற மாதிரி இரைச்சல். அதை அணையுங்கள் என்றால் கணவர், "யாவாரம் அதுலதான் நடக்குது, ரேடியோலயா நடக்குது?" என்பார். இந்த டிஜிட்டல் முறை இரைச்சலுக்கு அடியில் கிடக்கிற சிக்னலையும் பொறுக்கி எடுத்துவிடும்.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் பக்கத்து வீட்டுத் தென்னைக்கும் நடுவே கம்பியைக் கட்டினேன். ஆனி மாதம். கணவாய் வழியாக இறங்கும் காற்று சேலையைப் பிடுங்கியது. தென்னையில் ஏற ஆள் வைத்துக்கொண்டேன். மற்ற முடிச்செல்லாம் நான் போட்டது. கீழே வந்து கணினியின் முன்னால் உட்கார்ந்து அழைப்பைத் தட்டினேன். திரையில் வரிகள் விழுந்துகொண்டே இருந்தன. சட்டென்று ஒரு வரியில் என் அழைப்புக்குறி. இந்தோனேசியாவிலிருந்து ஒருவர் திருப்பிச் சொல்லியிருந்தார். முழுசாக, விக்டரிலிருந்து கடைசி எழுத்து வரை, உடையாமல்.

கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இது யாரு?" என்றார்.

"நான்" என்றேன்.

அதிலிருந்து கடை மூடிய மாலைகளில் எல்லாம் அதுதான். பின்லாந்து, பிரேசில், ஜப்பான். யாரும் பாவம் பார்க்கவில்லை. யாரும் எனக்காகச் சொல்லி முடிக்கவில்லை. கால் நிமிடம் எல்லோருக்கும் கால் நிமிடம்தான்.

எங்கள் குழு வருடத்துக்கு ஒருமுறை தேனியில் கூடும். யார் அதிக நாடுகளைத் தொட்டார்களோ அவருக்கு ஒரு கேடயம் உண்டு. அந்த வருடம் என் எண்ணிக்கைக்கு அருகில் ஒருவரும் வரவில்லை. சாப்பாட்டுக்கு முன்பு எக்ஸ்சேஞ்சுக்காரர் எழுந்து, டிஜிட்டல் தொடர்புகளைக் கேடயத்துக்குக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றார்.

"கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் பேசிக்கிருது. மனுசன் எங்கன இருக்கான்? தட்டி விட்டுட்டு டீ குடிச்சுட்டு வந்தா பிரேசில் கெடச்சிருக்கும். குரல் வேணும், இல்ல மோர்ஸ் சாவியத் தட்டுற கையாவது வேணும். இது ரெண்டும் இல்லாம என்னம்மா ரேடியோ?"

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். எழுந்து நின்றேன். சபையில் எழுந்து பேசுவது எனக்குப் புதிது. சின்ன வயதில் சர்ச்சின் ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனம் ஒப்பிக்க நிற்கவைத்தபோது பட்ட பாட்டுக்குப் பிறகு அந்த வேலையே வைத்துக்கொண்டதில்லை. கூட்டமாகச் சேர்ந்து வாசித்தால் ஒரு தடங்கலும் வராது, தனியாக நின்றால் வாய் பூட்டிக்கொள்ளும்.

"ஆன்டெனா கட்டுனது கம்ப்யூட்டர் இல்ல. நான். மாடியில வ்... வ்வ்..."

"வயரு" என்றார் எடுத்துக் கொடுப்பதில் கெட்டிக்காரரான ஒருவர்.

"அது இல்ல" என்றேன். "வ்... வெயில்ல நின்னவ நான்னு சொல்ல வந்தேன். நான் முடிக்கிற வரைக்கும் யாரும் எடுத்துக் குடுக்க வேணாம்."

சாப்பாட்டுக்கூடத்தில் சாம்பார் வாளி வைக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது. நான் சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். எந்த அலைவரிசை எப்போது திறக்கும் என்று பார்த்தது நான். இரைச்சலோடு மல்லுக்கட்டியது நான். எதிர்ப்பக்கம் இருந்ததும் ஒரு மனிதன்தான். மோர்ஸ் தட்டும்போதும் குரல் இல்லை, புள்ளியும் கோடும்தான் போகிறது, அது ரேடியோ என்றால் இதுவும் ரேடியோதான். இவ்வளவையும் சொல்ல எனக்கு வெகுநேரமானது. இலை போட்டுக் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும் என்று தொடர்ந்து பேசினேன்.

கை தூக்கச் சொன்னார்கள். தோற்றேன். கேடயம் சின்னமனூர்க்காரர் ஒருவருக்குப் போனது. "நீங்க கொடுத்தாலும் கொடுக்காட்டியும் நான் தொட்ட நாடு தொட்டதுதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். கோபத்தில் எழுந்து போவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

அதன்பின் குழுவில் நான் டிஜிட்டல்காரி. புதுசை எதிர்க்கிற பெரியவர்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். என் பக்கத்துக்கு ஆளும் சேர்ந்தது. தேனியில் வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்க்கிற தம்பி ஒருவர், முப்பது வயதிருக்கும், துடிப்பானவர். "அக்கா, நீங்கதான் எங்களுக்கெல்லாம் முன்னாடி போறீக" என்பார்.

ஒரு ஐப்பசியில் மலைமேல் இருந்த ரிப்பீட்டரில் இடி விழுந்தது. பெட்டி கருகிப் போனது. புதுசு வாங்க வேண்டும், தூக்கிக்கொண்டு ஏற வேண்டும், மழை வெறிக்கும்வரை ஏற முடியாது. அந்த இடைவெளியில் தம்பி ஒரு யோசனை சொன்னார். நெட்டை செல்போன் செயலிக்கு மாற்றிவிடலாம். பொத்தானை அமுக்கிப் பேசுவது, முறை வைத்துப் பேசுவது எல்லாம் ரேடியோ போலவே இருக்கும். இணையம் இருந்தால் போதும். மலையும் வேண்டாம், ஆன்டெனாவும் வேண்டாம்.

எனக்கு அதில் மறுப்பு இருக்கவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும், நெட் அதனால் பெரிதாகவும் ஆனது. சென்னைக்கும் துபாய்க்கும் வேலைக்குப் போன எங்கள் ஊர் ஹாம்கள் எல்லாம் வந்து சேர்ந்தார்கள். பொட்டிப்புரத்துக்காரர் ஒருவர் மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டே பேசினார். சரி, நாமும் போவோம் என்று போனேன். எக்ஸ்சேஞ்சுக்காரர் அந்தப் பக்கமே வரவில்லை. நெட்டைத் தம்பி நடத்தினார். அவர் யாரையும் முன்கூட்டிப் பதிவதில்லை. அதுவே எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

என் முறை வந்தது. பொத்தானை அமுக்கினேன். வழக்கம்போல 'வி' மாட்டிக்கொண்டது. நான் வாய்க்குள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே சென்னைக்காரர் ஒருவர் பேச ஆரம்பித்துவிட்டார். பேசி முடித்து, "அக்கா லைன்ல இருந்தீகளா? ஒண்ணுமே கேக்கலையே" என்றார். மறுபடி முயன்றேன். ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

மதியம் குழுவின் வாட்ஸப்பில் அன்றைய நெட்டின் ஒலிப்பதிவு வந்தது. கூடவே எனக்குக் கைதட்டல் படங்கள். 'அக்கா சூப்பர். திக்கவே இல்லை.' 'குரல் எவ்வளவு சுத்தம்.' 'வாழ்த்துக்கள் சகோதரி.'

ஒன்றும் புரியாமல் பதிவைப் போட்டுக் கேட்டேன். என் முறை வந்தது. ஒரு பெண் கடகடவென்று என் அழைப்புக்குறியைச் சொன்னாள். விக்டர், அடுத்து 'யு'வுக்கு யூனிஃபார்ம் என்று தொடங்கி ஒரு மூச்சில். உத்தமபாளையத்தில் மழை, எல்லோருக்கும் வணக்கம் என்றாள். செய்தி வாசிக்கிறவள் மாதிரி இருந்தாள். குரல் என்னுடையது. பேச்சு என்னுடையதல்ல.

கணவர் கடையில் வைத்து அதைத் திரும்பத் திரும்பப் போட்டார். வந்தவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. அது என்னை இன்னும் குத்தியது.

"ஏங்க, அதை நிறுத்துங்க. அது நான் இல்ல."

"ஓங்குரல்தான?"

"குரல் என்னுது. ஆனா நான் அப்பிடிப் பேசல."

அவர் போனைக் கீழே வைத்தார். கேட்டார்: "கம்ப்யூட்டர்ல தட்டுறியே, அதுலயும் திக்கல் தெரியாதுதான? அது இனிக்குது, இது கசக்குதா?"

எனக்குப் பதில் வரவில்லை. திக்கியதால் அல்ல. உண்மையிலேயே பதில் இல்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதைத் தூக்கிக்கொண்டே அந்த வாரம் முழுக்க அலைந்தேன். குழாய்க்கு அளவெடுக்கும்போதும் அதுதான் ஓடியது.

தம்பி தேனியிலிருந்து கம்பம் போகிற வழியில் கடைக்கு வந்தார். உட்காருங்க என்றேன். எப்படி நடந்தது என்று கேட்டேன். அவர் உற்சாகமாக விளக்கினார். செயலியில் இரைச்சலைத் துடைக்கிற ஏற்பாடு இருக்கிறது. மின்விசிறிச் சத்தம், மோட்டார்ச் சத்தம் என்று ஒரே சீராக ஓடுகிற ஓசை எதுவானாலும் துடைத்துவிடும். என் வாய்க்குள் சுற்றுகிற வ்வ்வ் அதற்கு மின்விசிறி. அதைத் துடைத்துவிட்டது. துடைத்தபின் மௌனம்தான் மிச்சம். மௌனம் என்றால் ஆள் இல்லை என்று அர்த்தம், அதனால்தான் அடுத்தவர் உள்ளே வர முடிந்தது. பதிவு செய்யும்போது மௌனங்களையும் வெட்டி ஒட்டிவிடும். கேட்கிறவர்களுக்கு நேரம் மிச்சம்.

"ஒங்களுக்கு நல்லதுதானக்கா? ஒங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

"யாரக் கேட்டுத் தொடச்சுச்சு?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினார்.

"அது எல்லாருக்கும் பொதுவா இருக்கிறதுக்கா. ஒங்கள மட்டும் குறிவச்சு இல்ல. ஒங்க போன்ல இரைச்சல் தொடைக்கிறத வேணா நிறுத்தித் தாரேன்."

"பதிவுல வ்... வெட்டுறது?"

"அத நிறுத்துனா எல்லாப் பேச்சும் நீளுமேக்கா. மத்தவுக கேக்கணும்ல?"

"நீளட்டும். நான் அம்புட்டு நீளம்தான்."

இதைச் சொன்னபோதுதான் கணவருக்குச் சொல்ல வேண்டிய பதிலும் எனக்குக் கிடைத்தது. கல்லாவில் இருந்த அவரும் கேட்டுக்கொண்டிருந்தார். இருவருக்கும் சேர்த்தே சொன்னேன். எழுத்தில் அனுப்பும்போது அங்கே குரல் இல்லை. குரல் இருப்பதாக யாரும் நினைப்பதும் இல்லை. கடிதம் எழுதுகிறவள் திக்குவாளா மாட்டாளா என்று யார் கேட்கப் போகிறார்கள்? நான் தட்டியது தட்டியபடி போய்ச் சேர்கிறது. இது அப்படியில்லை. என் குரலை எடுத்து, அதிலிருந்து வேறொருத்தியைத் தைத்து, அவள் கழுத்தில் என் பெயரைக் கட்டித் தொங்கவிடுகிறது. நீங்கள் எல்லோரும் அவளுக்குக் கைதட்டுகிறீர்கள். கைதட்டும்போதே எனக்கு ஒன்று சொல்லிவிடுகிறீர்கள், இப்படி இருந்தால்தான் நீ நல்லா இருக்கே என்று.

நான் இவ்வளவு கோவையாகச் சொல்லவில்லை. துண்டு துண்டாகத்தான் வந்தது. இரண்டு வாடிக்கைக்காரர்கள் வந்து, நிலைமையைப் பார்த்து, குழாய் கேட்காமலே நின்றார்கள். தம்பி கடைசிவரை குறுக்கே பேசவில்லை, அதைச் சொல்ல வேண்டும். "எல்லாரையும் கேட்டுப் பாக்குறேன்கா" என்றார்.

கேட்டார். யாருக்கும் நேரத்தைக் கொடுக்க மனமில்லை. நீளமான பதிவை யார் கேட்பார்கள் என்றார்கள். ஒரே ஒருவருக்காக மாற்ற வேண்டுமா என்றும் கேட்டார்கள். 'நல்லதைச் செய்தாலும் குற்றம் சொல்கிறார்கள்' என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் ஒரே வரியில் பதில் போட்டேன்: 'என்னைத் திருத்தித்தான் கேட்பீர்கள் என்றால் கேட்க வேண்டாம்.' செயலியைப் போனிலிருந்து எடுத்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே எக்ஸ்சேஞ்சுக்காரர் போன் செய்தார். கேடயச் சண்டைக்குப் பிறகு அவர் என்னை அழைத்தது அதுதான் முதல் தடவை.

"ஏம்மா, நீயும் செயலிய விட்டுட்டியாமுல்ல? கேள்விப்பட்டேன். நீ டிஜிட்டல்காரி, ஒனக்கு என்ன வந்துச்சு?"

சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் கதையைச் சொன்னார். "எனக்குத் தொடைக்கிறதும் தெரியாது, வெட்டுறதும் தெரியாது. வேல பாத்த காலமெல்லாம் டெலிபோன்ல கெடந்தேன். ஓஞ்ச பொறகும் டெலிபோனா? பேரு மட்டும் ரேடியோ. போங்கடான்னுட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் எதிரெதிர்த் திசையிலிருந்து ஓடிவந்து ஒரே மரத்தடியில் நிற்கிறோம்.

ரிப்பீட்டர் இல்லாமலே நேரடியாகப் பேசிப் பார்க்கலாம் என்றார் அவர். மலைக்குக் குறுக்கேதான் போகாது. பள்ளத்தாக்கின் நீளவாக்கில், மாடியில் நல்ல ஆன்டெனாவை ஏற்றினால் போடியும் உத்தமபாளையமும் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிந்தவர்கள் வரட்டும்.

"வ்... வரேன். ஒண்ணு இருக்குண்ணே" என்றேன். "நீங்க என்னையப் பதியக் கூடாது. என் அழைப்புக்குறிய நான்தான் சொல்லணும். எம்புட்டு நேரமானாலும் நடுவுல யாரும் வரக் கூடாது."

"ஒத்தாசையாத்தானம்மா செஞ்சேன்?"

"தெரியும்ணே. அதான் இம்புட்டு நாள் சொல்ல முடியல."

"சரி" என்றார். பிறகு அவசரமாக, "ஆனா அந்தக் கம்ப்யூட்டர் பீப்பீய ரேடியோன்னு நான் ஒத்துக்க மாட்டேன்."

"ஒத்துக்க வேணாம்."

நீளமான இரும்புக் குழாயை எங்கள் கடையிலிருந்தே எடுத்தேன். அதன் உச்சியில் ஆன்டெனாவைப் பூட்டி, நானும் கணவரும் மாடியில் நிறுத்தினோம். அவர் குழாயைக் கட்டிப்பிடித்து நின்றார், நான் போடிப் பக்கம் திருப்பித் திருகினேன். காட்சிக்கு ஓடுகிற சோலார் பெட்டியை ஞாயிறு காலையில் அணைத்தே ஆக வேண்டும் என்றேன். "யாவாரம்" என்று ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை யார் வருகிறார்கள் என்று கேட்டேன். அணைத்துவிட்டார்.

முதல் ஞாயிறு நான்கு பேர்தான். போடியில் எக்ஸ்சேஞ்சுக்காரர், பண்ணைப்புரத்தில் ஒரு பள்ளி ஆசிரியர், சின்னமனூர்க்காரர், நான். போடிக்காரர் எங்களை ஒவ்வொருவராக அழைத்தார். என் முறை வந்தது. பொத்தானை அமுக்கினேன்.

வரவில்லை. அன்று வழக்கத்தைவிடப் பலமாகப் பூட்டிக்கொண்டது. இவ்வளவு சண்டை போட்டு வாங்கிய நேரம் அல்லவா? வ்வ்வ் என்று வண்டு சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. கணவர் வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் உள்ளே வரவில்லை. நான் விக்டரைச் சொன்னேன். மீதியையும் சொன்னேன். உத்தமபாளையத்தில் மேகம் போட்டிருக்கிறது என்றேன், அதில் எந்தத் திக்கலும் இல்லை.

"சொல்லியாச்சு, பதிஞ்சாச்சு" என்றார் எக்ஸ்சேஞ்சுக்காரர். அவ்வளவுதான். பாராட்டவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

பிற்பாடு பண்ணைப்புரத்து ஆசிரியர் ஒன்று சொன்னார். இந்த வகை ரேடியோவில் யாரும் பேசாதபோது ஸ்பீக்கரில் உஸ்ஸென்று இரைச்சல் ஓடும். யாராவது பொத்தானை அமுக்கிய நொடியே அது அடங்கிவிடும், அவர் வாயே திறக்காவிட்டாலும். "நீங்க திக்கி நிக்கும்போது எங்க பக்கம் இரைச்சல் நின்னுருதுங்க. அப்ப நீங்க இருக்கீகன்னு எங்களுக்குத் தெரியுது. அதான் யாரும் உள்ள வரல" என்றார். அந்தச் செயலிக்கு என் மௌனம் என்றால் ஆளில்லாத வீடு. இங்கே என் மௌனத்துக்கும் ஒரு சிக்னல் இருந்திருக்கிறது. இவ்வளவு காலம் ரேடியோ வைத்திருந்தும் அதை நான் இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை.

இப்போது எங்கள் நேரடி நெட்டில் ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். செயலி நெட்டில் அதைப்போலப் பல மடங்கு; மலைமேல் புது ரிப்பீட்டர் வைக்கும் பேச்சே இப்போது யாரிடமும் இல்லை. இருக்கட்டும். ஆனி, ஆடியில் காற்று என் ஆன்டெனாவைத் திருகிவிடும், மாடியேறி மறுபடி போடிப் பக்கம் திருப்புவேன். வார நாட்களில் மாலையில் எஃப்டி எட்டு. பெரியவர்கள் என்னைப் புதுமைக்காரி என்று திட்டுகிறார்கள், இளையவர்கள் பழமையில் விழுந்துவிட்டாள் என்கிறார்கள். எது புதிது எது பழையது என்று பார்த்து நான் எதையும் எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை. எது என்னை என் பாட்டுக்கு விடுகிறதோ அதை வைத்துக்கொள்கிறேன். எது என்னைக் கேட்காமல் என்னைச் சரிசெய்கிறதோ அது எவ்வளவு கெட்டிக்காரக் கருவியானாலும் என் வீட்டில் அதற்கு இடமில்லை.

போன மாதம் தம்பி மறுபடி வந்தார். குழுவை அறிமுகப்படுத்த ஒரு காணொளி செய்கிறாராம். பெண்களின் குரல் அதில் இருக்க வேண்டும், என் பழைய பதிவைச் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். இந்த முறை அனுமதி கேட்டுத்தான் வந்தார். அது எனக்குப் பிடித்திருந்தது.

"அத போடக் கூடாது தம்பி" என்றேன். "இன்னொண்ணு தாரேன்."

நேரடி நெட்டில் நான் பேசியதைக் கணவர் போனில் பதிந்து வைத்திருந்தார். விக்டருக்கு முன்னால் உள்ள வண்டு, நிற்கிற இடம், மறுபடி வண்டு எல்லாம் அதில் அப்படியே இருக்கிறது. அதை அனுப்பினேன். ஒரு நொடிகூட வெட்டாமல் போடுவதாக இருந்தால் போடலாம் என்று எழுதினேன்.

கேட்டுவிட்டுக் கூப்பிட்டார். நன்றாக இருக்கிறது, ஆனால் மொத்தக் காணொளியே குட்டியூண்டுதான், இது ஒன்றே பாதியைத் தின்றுவிடும், கொஞ்சம் சுருக்கித் தர முடியுமா என்றார்.

முடியாது என்றேன்.

காணொளி இன்னும் வரவில்லை. யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார். யோசிக்கட்டும். நானும் சுருக்கித் தரப் போவதில்லை.